டிராக் டேவுக்கு என்ன டயர்? தினமும் ஓடும் ஒரு போலோவுக்கான பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2014 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. தினமும் தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆருக்கு அலுவலகம் போய்வருகிற வண்டி. அதே வண்டியை வருடத்துக்கு மூன்று நான்கு முறை, டிராக் டே அன்று (போட்டியில்லாமல் சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்), சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்ட ஆசை. இப்போதிருக்கும் 185/60 ஆர்15 டயர்கள் (185 மி.மீ. அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், 15 இஞ்ச் ரிம்) தேய்ந்து, மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. டயர் கடைக்காரர் அகலமாக 205 போடச் சொல்கிறார். நண்பர்கள் வெளிநாட்டு செமி ஸ்லிக் (பள்ளங்கள் மிகக் குறைந்த, ஏறக்குறைய வழவழப்பான டிராக் டயர்) வாங்கச் சொல்கிறார்கள். "அண்ணா, ஒரே செட்டில் ரெண்டு வேலையும் நடக்குமா, இல்லை தனி செட் வாங்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே செட்டில் நடக்கும், தம்பி. முதல் வருடம் அப்படித்தான் ஓட்ட வேண்டும் என்றே சொல்வேன். அதே 185/60 அல்லது ஒரு படி மேலே 195/55 ஆர்15 அளவில், தோள்பட்டை (தரையைத் தொடும் ரப்பரின் வெளி ஓரம்) கெட்டியான நல்ல ரோட்டு டயர், நான்கும் ஒரே மாடல், வேகக் குறியீடு 'வி', தயாரித்துச் சில மாதங்களே ஆனது. இவ்வளவுதான் என் பரிந்துரை. செமி ஸ்லிக் இப்போது வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் இந்த நீளம்.

எல்லோரும் டயரைக் கிரிப் கணக்கில் பார்க்கிறார்கள். எது அதிகம் ஒட்டும், எது எத்தனை நொடி மிச்சப்படுத்தும் என்று. போட்டிக்குப் போகிறவருக்கு அது சரி. உங்களுக்குக் கேள்வி வேறு: பதினைந்து இருபது நிமிட செஷன் முழுக்க, சென்னை வெயிலில், எந்த டயர் சூட்டைத் தாங்கி ஒரே மாதிரி நடந்துகொள்ளும்? அதைக் கேட்க ஆரம்பித்தால் பாதி டயர்கள் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடும்.

ரப்பர் தாரைப் பிடிப்பது இரண்டு வழியில். ஒன்று, மேற்பரப்போடு ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, தாரில் துருத்தி நிற்கும் ஜல்லியின் மேல் ரப்பர் அமுங்கி, உருமாறி, உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் தாமதிப்பது. அந்தத் தாமதத்தில் இழக்கப்படும் சக்திதான் பிடிப்பாகவும் சூடாகவும் வெளிவருகிறது. அதாவது கிரிப் வேண்டுமென்றால் சூடு வந்தே தீரும். ஒவ்வொரு ரப்பர் கலவைக்கும் அது நன்றாக வேலை செய்கிற வெப்ப எல்லை ஒன்று உண்டு. அதற்குக் கீழே விறைப்பாக இருக்கும், மேலே போனால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். ரோட்டு டயரின் எல்லை தாழ்வாக இருக்கும், ஏனென்றால் அது காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முதல் சிக்னலிலேயே பிரேக் பிடித்தாக வேண்டும். டிராக் டயரின் எல்லை மேலே இருக்கும்.

இந்த இடத்தில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் சறுக்குகிறார்கள். இங்கிலாந்தில் பதினைந்து டிகிரிக் குளிரில் டயரைச் சூடேற்றவே இரண்டு சுற்றுப் போகிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் மதியம் இருங்காட்டுக்கோட்டையில் தார் 50, 60 டிகிரியில் கொதிக்கும். நமக்குச் சூடேற்றுவது பிரச்சினையே இல்லை, சூட்டை அடக்குவதுதான் பிரச்சினை. அங்கே "சட்டென்று சூடாகிப் பிடிக்கும்" என்று புகழப்படும் டயர், இங்கே மூன்றாவது சுற்றிலேயே கொழகொழத்துப் போகலாம்.

புது டயர் பற்றி ஒரு விஷயம், நிறையப் பேருக்கு நம்பிக்கை வராது. டிராக்கில் புத்தம் புது ரோட்டு டயரைவிடப் பாதி தேய்ந்த ரோட்டு டயர் நன்றாக ஓடும். புதிதில் டிரெட்டின், அதாவது தரையைத் தொடும் பள்ளம் வெட்டிய ரப்பரின், ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். அவ்வளவு உயரமான ரப்பர் கட்டிகள் வளைவில் இப்படியும் அப்படியும் நெளியும். நெளிய நெளிய உள்ளேயிருந்து சூடாகும். ஒரு கட்டத்தில் ஓரக் கட்டிகள் துண்டு துண்டாகப் பிய்ந்துகொண்டு போகும். ஆழம் 4 மி.மீ. ஆனதும் நெளிவு குறைந்துவிடும், ஸ்டியரிங்கும் கூர்மையாகும். அமெரிக்காவில் புது டயரை மெஷினில் சீவி ஆழத்தைக் குறைத்து ஓட்டுகிறவர்களே இருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் பழைய டயர்களை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். 3 மி.மீ.க்கு மேல் டிரெட் இருந்து, வயதும் ஐந்து வருடத்துக்குள் இருந்தால், முதல் டிராக் டேவை மழையில்லாத மாதத்தில் அவற்றிலேயே முடியுங்கள். எப்படியும் தூக்கிப் போடப்போகிற ரப்பரில் கற்றுக்கொள்வது லாபம். சட்டப்படிக் கார் டயருக்குக் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. வேண்டும். திரும்பி வீட்டுக்கும் அதே டயரில்தான் வர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மொட்டை டயரோடு போனால் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் அதற்கு முன் நான்கு டயரையும் கழற்றி, உள்பக்கச் சுவரையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஊர்ச் சாலையில் தினமும் ஓடும் டயரில் ஆணி ஏறாமல் இருக்காது, பஞ்சர் கடையில் ஸ்ட்ரிப் வைத்து அடைத்திருப்பார்கள். ரோட்டுக்கு அது போதும். டிராக் சூட்டில், பக்கவாட்டு அழுத்தத்தில் அந்த ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது. உள்ளேயிருந்து பேட்ச் போட்டது என்றால் பரவாயில்லை. பள்ளத்தில் இறங்கிப் பக்கச் சுவர் எங்காவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த டயருக்கு டிராக் மட்டுமல்ல, நெடுஞ்சாலையும் கிடையாது.

சரி, புதிது வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வேகக் குறியீடு. 'எச்' என்றால் 210 கி.மீ., 'வி' என்றால் 240 கி.மீ. உங்கள் வண்டி அந்த டிராக்கில் 210-ஐத் தொடப்போவதில்லை, பிறகு 'வி' எதற்கு என்று கேட்கலாம். அந்தக் குறியீடு உண்மையில் சூட்டைத் தாங்கும் சோதனை. குறிப்பிட்ட எடையோடு அந்த வேகத்தில் சுழலும்போது டயரின் கட்டுமானம் கலகலத்துப் போகக் கூடாது. அதனால் 'வி' டயர்களில் பெல்ட்டுக்கு (டிரெட்டுக்கு அடியில் சுற்றிவரும் எஃகுப் பட்டை) மேலே உள்ள நைலான் உறை பலமாக இருக்கும், பக்கச் சுவரும் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

எடைக் குறியீடு. 84 என்றால் ஒரு டயருக்கு 500 கிலோ, 85 என்றால் 515, 88 என்றால் 560. போலோவின் எடை 1100 கிலோ சொச்சம், ஆளோடு சேர்த்து 1200 பக்கம். அதில் அறுபது சதவீதம் முன்னால். கடுமையான வளைவில் உள்பக்கச் சுமையும் வெளிப்பக்கத்துக்கு மாறும்போது, வெளி முன் டயர் ஒன்றின் மேல் மட்டும் 550 கிலோவுக்கு மேல் ஏறலாம் என்பது என் தோராயக் கணக்கு. சில நொடிகளுக்கு அதைத் தாங்கும்படிதான் டயரைச் செய்கிறார்கள். ஆனாலும் கம்பெனி குறியீட்டைவிடக் கீழே மட்டும் இறங்காதீர்கள். 'எக்ஸ்.எல்.' என்று போட்ட கூடுதல் பலமுள்ள வகை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அது கொஞ்சம் குலுக்கும், தினசரிப் பயணத்தில் இடுப்புக்குத் தெரியும், பழகிவிடும்.

தோள்பட்டை. டிரெட்டின் வெளி ஓரத்தில் கட்டிகள் பெரிதாக, ஒன்றோடொன்று பாலம் போட்டது போல இணைந்து இருக்கிறதா பாருங்கள். சின்னச் சின்ன கீற்றுகளாக வெட்டிய ஓரம் ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும், டிராக்கில் முதலில் பிய்வதும் அதுதான். எரிபொருள் மிச்சம், அமைதியான பயணம் என்று விளம்பரப்படுத்தும் டயர்களை இந்த வேலைக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அவை மோசமானவை அல்ல. சூடு உண்டாகாமல் இருக்கவே கலக்கப்பட்ட ரப்பர், கிரிப்புக்கும் சூட்டுக்கும் உள்ள உறவைத்தான் மேலே சொன்னேனே.

தேதி. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். அதிகம் விற்காத அளவுகளில் கடைக்காரர் இரண்டு வருடச் சரக்கை எடுத்து வைப்பார், தள்ளுபடியும் தருவார். வாங்காதீர்கள். ரப்பர் சும்மா கிடந்தாலும் இறுகும்.

அப்புறம் எல்லோரும் வாயில் போட்டு மெல்லும் அந்த '200'. டயரில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். அது அமெரிக்க அரசின் தேய்மானத் தரக் குறியீடு. டெக்சஸ் மாநிலத்தில் சான் ஏஞ்சலோவைச் சுற்றி சுமார் 640 கி.மீ. நீளப் பொதுச்சாலைப் பாதையில் 7200 மைல் ஓட்டி, 100 என்று வைத்த ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை ஒப்பிடுவார்கள். எண்ணைப் பொறிப்பது கம்பெனியேதான். அது தேய்மானத்தைப் பற்றிய எண், கிரிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. குறைவான எண் என்றால் மென்மையான ரப்பர், மென்மை என்றால் கிரிப் என்று நாமாக ஊகித்துக்கொள்கிறோம். பொதுவாக அது பொருந்தும், எப்போதும் அல்ல.

அமெரிக்க அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் 200-க்குக் கீழே அனுமதி இல்லை என்று விதி வந்தது. உடனே டயர் கம்பெனிகள் என்ன செய்யும்? எவ்வளவு ஒட்டுகிற டயராக இருந்தாலும் 200 என்று பொறித்துவிட்டன. ஆகவே ஒரே 200-க்குள் இரண்டு ஜாதி உண்டு. யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.இ.-71ஆர்.எஸ். போன்றவை ஒரு சுற்றில் உச்சத்தைத் தொடுபவை. தேய்வும் அதற்கேற்ற வேகத்தில். ஹான்குக் ஆர்.எஸ்.4 போன்றவை நீண்ட ஓட்டத்துக்கு. ஒரு சுற்று நேரத்தில் கொஞ்சம் பின்தங்கும், ஆனால் பத்தாவது சுற்றிலும் முதல் சுற்றைப் போலவே இருக்கும். சென்னைக்கு இந்த இரண்டாவது ஜாதிதான் லாயக்கு. யாராவது "200 போடு" என்றால் எந்த 200 என்று திருப்பிக் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 போன்ற நல்ல ஸ்போர்ட் ரோட்டு டயர் 320 பக்கம் வரும்.

இப்போது கசப்பான செய்தி. இந்தப் பெயர்களை எல்லாம் நீங்கள் சாதாரணக் கடையில் பார்க்க முடியாது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது, அதன் பிறகு உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதற்கு முன்பிருந்தே ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நாலு பேர் வாங்கும் 15 இஞ்ச் டிராக் டயருக்காக எந்தக் கம்பெனியும் அந்தச் சான்றிதழ் வேலையில் இறங்காது. யாரிடமாவது ஒரு செட் இருப்பதாகச் செய்தி வந்தால், தேதியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஆர்வம் அங்கேயே வடிந்துவிடும். இதில் வேடிக்கை, அந்த டிராக்கைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் அப்போலோ, ஜே.கே., சியட் என்று வரிசையாக டயர் ஆலைகள். எம்.ஆர்.எஃப். பிறந்ததே திருவொற்றியூரில். நாட்டுக்கே டயர் செய்யும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு போலோவுக்குத் தோதான நாலு டயரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தேசியப் போட்டிகளுக்கு இந்தியக் கம்பெனிகள் ஸ்லிக் டயர் தயாரிக்கின்றன. அவை ரோட்டில் ஓட்டக் கூடாதவை, நம் கணக்கில் வராது.

அடுத்தது 205. அகலம் கூடினால் கிரிப் கூடும் என்பது பாதி உண்மை. ஒரே காற்றழுத்தத்தில் தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறுவதில்லை, அதன் வடிவம்தான் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. வளைவில் அது உதவும். அதைவிட முக்கியமாக, அதிக ரப்பர் இருப்பதால் சூடு பரவிக்கொள்ள இடம் கிடைக்கும். அதனால் 205 தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த 205 என்று பார்க்க வேண்டும். உங்கள் 185/60 ஆர்15-இன் விட்டம் 603 மி.மீ. 205/55 ஆர்15 என்றால் 606.5, ஏறக்குறைய அதே உயரம். 195/55 ஆர்15 என்றால் 595.5, ஒரு சதவீதம்தான் குறைவு. 205/50 ஆர்15 என்றால் 586. வண்டி எட்டரை மி.மீ. இறங்கும், ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதம் போலக் கூட்டிக் காட்டும், எங்கள் தெரு வேகத்தடையில் வயிறு உரசும். உலகம் முழுக்க சின்னக் கார்க்காரர்களுக்கான டிராக் டயர் அதிகம் கிடைப்பது அந்தக் கடைசி அளவில்தான் என்பதுதான் சங்கடம்.

6 இஞ்ச் அகல ரிம்மில் 195 கச்சிதமாக உட்காரும். 205-ம் உட்காரும், ஆனால் பக்கச் சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். வளைவில் டயர் ரிம்முக்கு மேல் மடங்கத் தொடங்கினால் அகலத்தால் கிடைத்த ஆதாயம் அதிலேயே போய்விடும். அதனால்தான் 195/55 என்றேன். ரிம்மை மாற்றாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய நியாயமான லாபம் அது. பின்னாளில் வந்த ஜிடியில் கம்பெனியே 195/55 ஆர்16 கொடுத்தது. அந்த ரிம் செட் நல்ல நிலையில் கிடைத்தால் 16 இஞ்சுக்கு மாறுவதும் ஒரு வழி, டயர் தேர்வு அங்கே விசாலம். ரிம் எடையை மட்டும் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். அலங்காரத்துக்கு விற்கும் சில அலாய்கள் இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருக்கும்.

முன்னால் மட்டும் நல்ல டயர் போட்டுப் பின்னால் பழையதை விடுவது, முன்சக்கர இழுவை வண்டிக்காரர்களின் பழைய சிக்கனம். தயவுசெய்து வேண்டாம். போலோ வளைவில் உள்பக்கப் பின் சக்கரத்தைத் தூக்குகிற வண்டி. நடு வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டீர்கள் என்றால், முன்னால் பிடிப்பு அதிகமும் பின்னால் குறைவுமாக இருக்கும் வண்டி வால் சுற்றிவிடும். ரோட்டில் இது நடக்க வாய்ப்புக் குறைவு, டிராக்கில் முதல் நாளே நடக்கும்.

இனி காற்று. டயர் தேர்வில் நீங்கள் செலவழிக்கும் யோசனையில் பாதியைக் காற்றில் செலவழித்தால் பலன் இரட்டிப்பு. அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும், பள்ளிக்கூடத்துப் பாடம்தான். காலையில் 35 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. பிடித்தால், டயருக்குள் காற்று 80 டிகிரி ஆகும்போது அது 39-ஐத் தொடும். ஏழு பி.எஸ்.ஐ. ஏற்றம். இதைத் தெரியாமல், "டிராக்குக்குப் போகிறோம்" என்று காலையிலேயே 38 பிடித்துக்கொண்டு போனால், மூன்றாவது சுற்றில் 45-இல் பலூன் மாதிரி நடு ரப்பரில் மட்டும் ஓடிக்கொண்டிருப்பீர்கள். நேர்மாறாக, "காற்றைக் குறைத்தால் கிரிப்" என்று 26-இல் தொடங்கினால் ரோட்டு டயரின் மெல்லிய பக்கச் சுவர் மடங்கி, எழுத்துப் பொறித்த பகுதியே தாரில் தேயும்.

செய்ய வேண்டியது இதுதான். கதவு ஓரம் அல்லது பெட்ரோல் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவிலேயே தொடங்குங்கள். டிரெட் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறுக்கே மூன்று கோடு போடுங்கள். சில டயர்களில் அங்கே சின்ன முக்கோணக் குறி இருக்கும். நாலைந்து சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்ததும், டயர் ஆறுவதற்குள் அழுத்தத்தைப் பாருங்கள். கோடு முக்கோணத்துக்குக் கீழேயும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்றைக் கூட்டுங்கள். முக்கோணம் வரைகூட அழியவில்லை என்றால் அதிகம், இறக்குங்கள். ரோட்டு டயருக்கு முன்பக்கம் சூடான நிலையில் 36 முதல் 40-க்குள் எங்கேயோ உங்கள் அளவு இருக்கும். பின்பக்கம் இரண்டு மூன்று குறைத்தோ கூட்டியோ வண்டியின் குணத்தைச் சரிசெய்யலாம். பின்னால் காற்றைக் கூட்டினால் போலோ இன்னும் எளிதாகத் திரும்பும், முதல் நாளே அதைச் செய்ய வேண்டாம்.

இதற்குச் சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வேண்டும். பெட்ரோல் பங்க் மெஷின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும். டயரின் சூட்டை அளக்கத் துப்பாக்கி மாதிரி இன்ஃப்ராரெட் கருவி வாங்குகிறார்கள். அது மேல்தோல் சூட்டைத்தான் காட்டும், பிட்டுக்கு (டிராக்கிலிருந்து வண்டி வந்து நிற்கும் இடம்) வரும் வழியிலேயே அது ஆறிவிடும். ரப்பருக்குள் குத்தி அளக்கும் ஊசிக் கருவிதான் உண்மை சொல்லும். முதல் வருடம் சுண்ணாம்புக் கட்டியே போதும். நைட்ரஜன் பற்றிக் கேட்பீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏறும். ஈரமில்லாதது என்பதே அதன் நன்மை. பங்க் கம்ப்ரசரில் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்த நீராவி அழுத்தத்தைக் கன்னாபின்னாவென்று ஏற்றும். இலவசமாகக் கிடைத்தால் பிடியுங்கள், அதைத் தேடி அலைய வேண்டாம். நாள் முடிந்து கிளம்பும் முன் காற்றைத் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள். பகலில் இறக்கிய காற்றோடு ராத்திரி பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வருவதுதான் அன்றைய நாளின் ஆபத்தான பகுதியாக ஆகிவிடும்.

எந்த டயரானாலும் மூன்று நான்கு வேகச் சுற்று, பிறகு ஒரு நிதானச் சுற்று என்று ஓட்டுங்கள். 3.7 கி.மீ. நீளம், ஒரு நிதானச் சுற்றில் டயரும் பிரேக்கும் நன்றாகவே மூச்சு வாங்கிக்கொள்ளும். ரோட்டு டயர் தாங்க முடியாமல் போகும்போது கத்தும், வழுக்குவதும் மெல்ல மெல்லத்தான். எல்லை எங்கே என்று அதுவே சொல்லிக் கொடுக்கும். செமி ஸ்லிக் கடைசி வரை வாயைத் திறக்காது, விடும்போது ஒரேயடியாக விடும், அதுவும் அதிக வேகத்தில். புதிதாக ஓட்டுகிறவருக்குச் சத்தம் போடும் டயர்தான் நல்ல வாத்தியார் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வலஞ்சுழியாக ஓடும் டிராக்கில் இடது முன் டயர்தான் முதலில் தேயும், அதிலும் வெளி ஓரம். போலோவின் முன் சஸ்பென்ஷனில் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) மிகக் குறைவு, வளைவில் வண்டி சாயும்போது டயர் வெளி ஓரத்தில் நிற்கும். கேம்பர் போல்ட் போட்டு ஒன்றரை டிகிரி வரை உள்நோக்கிச் சாய்த்தால் டயர் ஆயுள் கண்கூடாகக் கூடும். தினசரி ஓட்டத்தில் உள் ஓரம் கொஞ்சம் கூடுதலாகத் தேயும், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரியாக வைத்திருந்தால் அது பெரிதாகத் தெரியாது. மதிய இடைவேளையில் முன் பின் மாற்றிப் போடுவதும் உதவும்.

கோயம்புத்தூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி: செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே 2 கி.மீ.யைச் சற்றே தாண்டும் குட்டி டிராக். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே டயர் ஆற நேரம் குறைவு, அதனால் வேகச் சுற்றுகளை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மழை. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டிராக் ஈரமாக இருந்தால் நல்ல டிரெட் உள்ள ரோட்டு டயர் ராஜா. செமி ஸ்லிக்கில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் மிகக் குறைவு, நெடுஞ்சாலையில் தேங்கிய தண்ணீரில் 80-இல் ஏறினால் வண்டி மிதக்கும். ஒரே செட் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தனி செட் எப்போது? இப்படி வைத்துக்கொள்ளலாம். ரோட்டு டயரில் ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி ஓட்ட வருகிறது, நேரத்தில் ஒரு நொடிக்கு மேல் ஏற்ற இறக்கம் இல்லை, டயர் கத்தத் தொடங்கும் இடத்தில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்திவைக்க முடிகிறது, ஆனாலும் செஷன் பாதியில் டயர் சுருண்டுவிடுகிறது. அந்த நிலைக்கு வந்தால் டயர்தான் உங்களைத் தடுக்கிறது. அப்போது எடை குறைந்த 15 இஞ்ச் ரிம் ஒரு செட், அதில் 205/50 ஆர்15 நீண்ட ஓட்ட வகை 200. நம்பகமான வழியில், புதிய தேதியில் கிடைத்தால் மட்டும். பின் சீட்டை மடித்தால் நான்கு சக்கரமும் போலோவுக்குள் போகும். ஜாக்கியும் டார்க் ரெஞ்சும் (போல்ட்டை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) கொண்டுபோய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். வீல் போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். முதல் செஷன் முடிந்து ஆறியதும் இன்னொரு முறை சரிபாருங்கள்.

ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கை முதலில் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். டயரின் பிடிப்பு கூடினால் பிரேக்கின் சுமையும் கூடும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் என்றால் அந்த வரம்பு 155-க்கே இறங்கிவிடும். மாற்றி இரண்டு வருடம் ஆன ஆயிலோடு ஒட்டுகிற டயர் போட்டு ஓட்டினால், பெடல் தரையைத் தொடும்போதுதான் விஷயம் புரியும். டிராக்கிலிருந்து உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள்; உங்களுடையது டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்பதால் பார்க்கிங்கில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அந்த டி.எஸ்.ஜி.யும் உலர் கிளட்ச் வகை, சூட்டுக்கு அதுவும் பயப்படும் என்பதால் நிதானச் சுற்று அதற்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒன்று, டயர் இல்லை என்றாலும் கேட்காமலே சொல்கிறேன். வழக்கமான மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் இழப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கும். டிராக் டே பந்தயம் அல்ல என்று நாம் வாதாடலாம், கம்பெனி கேட்காது. போகும் முன் உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள்.